மஞ்சள் முக்கோணம் சொல்லாதது

பெறுநர்:
முதன்மைச் செயலாளர், வேளாண்மை – உழவர் நலத்துறை;
முதன்மைச் செயலாளர், மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறை,
தமிழ்நாடு அரசு, சென்னை.

மதிப்பிற்குரிய செயலாளர்களுக்கு வணக்கம்.

டெல்டா மாவட்டங்களின் அரசு மருத்துவமனைகளுக்கு, கைநடுக்கமும் நடைத்தளர்வும் தரும் பார்க்கின்சன் நோயோடு வரும் ஒவ்வொருவரிடமும், வயலில் என்னென்ன மருந்து அடித்தார், எத்தனை ஆண்டுகள் அடித்தார் என்று கேட்டு எழுதி வைக்க வேண்டும். பாராகுவாட் என்னும் களைக்கொல்லியின் விற்பனையை இம்மாவட்டங்களில் நிறுத்த வேண்டும். இம்மடலின் கோரிக்கைகள் இவ்விரண்டுதான். இரு துறைகளுக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதக் காரணம் உண்டு. வயலில் தெளிக்கப்படும் பொருள் ஒரு துறையின் கோப்பிலும், அதைத் தெளித்தவரின் கைநடுக்கம் இன்னொரு துறையின் கோப்பிலும் கிடக்கின்றன. அவ்விரு கோப்புகளும் ஒரே மேசைக்கு வந்து நான் அறிந்ததில்லை.

நான் நீடாமங்கலம் வட்டாரத்தில் மருந்தகம் நடத்தும் மருந்தாளுநர். குடும்பத்துக்குக் கொஞ்சம் நிலமும் உண்டு. பார்க்கின்சன் நோய்க்கான, லெவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்த மாத்திரையை மாதந்தோறும் வாங்க வருபவர்களில் பலர் கூலிக்கு மருந்தடித்தவர்கள். அண்மைக் காலமாக அவர்களுடைய பிள்ளைகள் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டி, "மைட்டோகாண்ட்ரியாவைச் சுத்தம் பண்ணுற கேப்சூல் இருக்காமே, வரவழைச்சுத் தர முடியுமாண்ணே?" என்று கேட்கிறார்கள். ஒரு புட்டியின் விலை அந்த வீட்டின் ஒரு மாத மளிகைச் செலவுக்குக் குறையாது. அந்தக் கேள்விக்கு முழுமையாக விடை சொல்லப் போனால் மருந்தகத்தின் எல்லையைத் தாண்டி உங்கள் இரு துறைகளின் வாசலுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது.

முதலில் சுத்தம் செய்தல் என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். செல்லுக்கு வேண்டிய ஆற்றலின் பெரும்பகுதியை மைட்டோகாண்ட்ரியாக்கள் உண்டாக்குகின்றன. நல்ல நிலையிலுள்ள மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் ஒரு மின்னழுத்த வேறுபாடு நிலைத்திருக்கும். அது இருக்கும்வரை பிங்க்1 என்னும் புரதம் உள்ளே இழுக்கப்பட்டு, வெட்டுப்பட்டு, அழிந்துகொண்டே இருக்கும். மின்னழுத்தம் சரிந்தால் பிங்க்1 உள்ளே நுழைய முடியாமல் வெளிச்சவ்வில் குவிந்து, யுபிகுவிட்டின் என்னும் சிறு புரதத்தின்மேல் பாஸ்பேட்டை ஏற்றி, பார்க்கின் என்னும் நொதியை அழைத்துத் தூண்டிவிடும். பார்க்கின் அந்த மைட்டோகாண்ட்ரியாவின் மேற்பரப்பெங்கும் யுபிகுவிட்டின் முத்திரைகளைக் குத்தும். ஆப்டினியூரின் போன்ற புரதங்கள் அம்முத்திரைகளை அடையாளம் கண்டு, அதைச் சுற்றி ஒரு சவ்வுப்பை உருவாக வழி செய்யும். அந்தப் பை, செல்லின் செரிமான அறையான லைசோசோமோடு இணைந்ததும் உள்ளிருப்பது செரிக்கப்பட்டு, மூலப்பொருள்கள் செல்லுக்கே திரும்பும். இதற்கு மைட்டோபேஜி என்று பெயர். செல் தன் உறுப்புகளைத் தானே செரித்துக்கொள்ளும் இந்தப் பொது ஏற்பாட்டை ஈஸ்ட்டில் ஆராய்ந்து விளக்கியதற்காகத்தான் ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் பரிசு கிடைத்தது.

மேட்டூர் திறப்புக்கு முன் ஆண்டுதோறும் வாய்க்கால் தூர்வாரும் மாவட்டங்களுக்கு இதன் அருமை விளங்காமல் போகாது. தூர்வாராவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது; மூளையில் கடைமடை என்று சொல்லத்தக்கவை, உடலசைவை ஒழுங்குபடுத்தும் டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் நடுமூளை நரம்புச் செல்கள். ஒவ்வொன்றும் மிக நீண்டு, எண்ணற்ற கிளைகளாகப் பிரிந்து, ஓயாமல் மின்துடிப்பை எழுப்பிக்கொண்டே இருப்பதால் அவற்றின் ஆற்றல் தேவை அதிகம். மைட்டோகாண்ட்ரியா பழுதாகும் வாய்ப்பும் அதிகம். வளர்ந்த நரம்புச் செல் பிரிந்து புதிதாவதுமில்லை. தோலிலோ குடலிலோ பழைய செல் உதிர்ந்து புதியது முளைத்துவிடும். இங்கே சேர்ந்த கழிவு சேர்ந்ததுதான். கைநடுக்கமும் நடையின் தளர்வும் வெளியே தெரியும்போது இச்செல்களில் கணிசமான பங்கு ஏற்கெனவே மடிந்திருக்கும்.

இந்த ஏற்பாடு பார்க்கின்சன் நோயோடு தொடர்புடையது என்பது மரபணு ஆய்வுகளிலிருந்தே தெரிய வந்தது. இளம் வயதிலேயே பார்க்கின்சன் நோய் வந்த ஜப்பானியக் குடும்பங்களில் பார்க்கின் மரபணுவின் பழுது 1998இலும், வேறு குடும்பங்களில் பிங்க்1 மரபணுவின் பழுது 2004இலும் கண்டறியப்பட்டன. பழுதான மைட்டோகாண்ட்ரியாவைத் தேடிப் பார்க்கின் போய்ச் சேர்கிறது என்பதை ரிச்சர்ட் யூலின் ஆய்வுக்குழு 2008இல் காட்டியது. ஆப்டினியூரின் மரபணுவின் பழுது, தசைகளை இயக்கும் நரம்புகள் அழியும் ஏ.எல்.எஸ். நோயிலும் காணப்படுகிறது, அல்சைமர் நோயிலும் பழுதான மைட்டோகாண்ட்ரியாக்கள் அகற்றப்படாமல் தேங்குகின்றன.

ஆனால் நம் வட்டாரத்துக் கைநடுக்கக்காரர்களில் பெரும்பாலோர் அறுபதைக் கடந்த பின் நோய் கண்டவர்கள். மரபணுவில் பிறவிப் பழுது இல்லாமலேயே இந்த ஏற்பாட்டை வெளியிலிருந்து குலைக்க வல்ல வேதிப்பொருள்கள் உண்டு என்பதே இம்மடலுக்குப் பொருள்.

1982இல் கலிபோர்னியாவில், கள்ளத்தனமாகத் தயாரிக்கப்பட்ட ஹெராயின் போன்றதொரு போதைப்பொருளைச் செலுத்திக்கொண்ட இளைஞர்கள் சிலர், முதிர்ந்த பார்க்கின்சன் நோயாளிகளைப் போல உறைந்த நிலையில் மருத்துவமனைக்கு வந்தார்கள். அதில் கலந்திருந்த எம்.பி.டி.பி. என்னும் பொருள் மூளைக்குள் எம்.பி.பி. அயனியாக மாறி, டோபமைன் செல்களுக்குள் நுழைந்து, மைட்டோகாண்ட்ரியா ஆற்றலை உண்டாக்கும் படிவரிசையான சுவாசச் சங்கிலியில் முதல் கண்ணியை அடைத்திருந்தது. நரம்பியல் மருத்துவர் வில்லியம் லாங்ஸ்டனும் அவருடைய குழுவினரும் 1983இல் இதை வெளியிட்டார்கள். அந்த அயனியை அதற்கு முன்பே சைபர்குவாட் என்ற பெயரில் களைக்கொல்லியாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்பது வேளாண்துறைக்கு ஆர்வமூட்டக்கூடும். அதன் வேதி அமைப்பு பாராகுவாட்டுக்கு மிக நெருங்கியது.

டெர்ரிஸ் போன்ற செடிகளின் வேரிலிருந்து எடுக்கப்படும் ரோட்டினோன் அதே முதல் கண்ணியை அடைக்கிறது. அதை எலிகளுக்குத் தொடர்ந்து செலுத்தி, டோபமைன் செல்கள் அழிவதைத் திமத்தி கிரீனமையர் குழு 2000இல் காட்டியது. (செடியிலிருந்து வந்தால் தீங்கில்லை என்று நினைக்கும் இயற்கை வேளாண் நண்பர்கள் இதைச் சற்றுக் கவனிக்க வேண்டும்.) பாராகுவாட்டின் வழி வேறு. அது செல்லுக்குள் எலக்ட்ரானை வாங்கி ஆக்சிஜனுக்குக் கைமாற்றி, மறுபடியும் வாங்கி மறுபடியும் மாற்றி, தான் தீராமலேயே நச்சு ஆக்சிஜன் மூலக்கூறுகளை உண்டாக்கிக்கொண்டிருக்கும். மைட்டோகாண்ட்ரியாக்கள் வழக்கத்தைவிட விரைவாகப் பழுதாகும். அதோடு நின்றால்கூடச் சமாளிக்கலாம். ஆனால் இத்தகைய வேதி அழுத்தத்தில் பார்க்கின் நொதியே மாற்றமடைந்து செயலிழக்கிறது என்பதை 2004 முதல் வந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குப்பை பெருகும் வேளையில் அதை அள்ளும் நொதியும் முடங்குகிறது.

மனிதரில் என்ன தெரிந்திருக்கிறது? அமெரிக்காவின் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் உரிமம் பெற்று மருந்தடிப்பவர்களையும் அவர்களின் குடும்பத்தாரையும் பின்தொடர்ந்த ஆய்வின் ஒரு பகுதியாக 2011இல் வெளியான கட்டுரை, பாராகுவாட்டையோ ரோட்டினோனையோ பயன்படுத்தியவர்களுக்குப் பார்க்கின்சன் நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 2.5 மடங்கு என்றது. கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில், வீட்டிலிருந்து 500 மீட்டருக்குள் பாராகுவாட்டும் மேனெப் என்னும் பூசணக்கொல்லியும் தெளிக்கப்பட்ட இடங்களில் வசித்தவர்களுக்கு அபாயம் 75 சதவீதம் கூடுதல் என்று 2009இல் ஒரு ஆய்வு கணக்கிட்டது. எல்லா ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதலில் சொன்ன அதே ஆய்வுத் திட்டத்தின் பிந்தைய கணக்கெடுப்பில் இத்தொடர்பு மொத்தத்தில் தெளிவாகத் தெரியவில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் சான்று போதாது என்ற நிலையையே எடுத்தது. எதிர்த்தரப்பு இதை உங்களிடம் கட்டாயம் எடுத்துக்காட்டும். அதனால் நானே முதலில் சொல்லிவிடுகிறேன்.

அங்கே இப்படி ஆதரித்தும் மறுத்தும் வாதிட முடிவதே அவர்களிடம் பதிவு இருப்பதால்தான். கலிபோர்னியாவில் 1990 முதல் விவசாயத்துக்குத் தெளிக்கப்படும் மருந்து அனைத்தையும், எந்த நிலத்தில், எந்த நாளில், எவ்வளவு என்று அரசுக்கு அறிவிப்பது கட்டாயம். அயோவாவில் மருந்தடிப்பவர் உரிமம் பெற்றவர். அவருடைய பெயர் ஒரு பட்டியலில் இருக்கிறது. டெல்டாவிலோ மருந்து வாங்குபவர் ஒருவர், அடிப்பவர் இன்னொருவர். கடையில் ரசீது போட்டால் அது நிலக்காரர் பெயரில் இருக்கும்; டேங்க் கணக்கில் கூலி வாங்கி ஊர் ஊராக அடித்துவரும் தொழிலாளியின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. இருபது ஆண்டு கழித்து அவர் கை நடுங்கித் திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ வந்து நிற்கும்போது, தொழில் என்ற கட்டத்தில் 'கூலி' என்ற ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் எழுதப்படுவதில்லை.

அவர் மருந்தடிப்பதை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நடவுக்கு முன் வரப்புப் புல்லையும் வயலில் நிற்கும் களையையும் கருக்க, புட்டியின் மூடியையே அளவுகோலாக்கி டேங்கில் ஊற்றிக் குச்சியால் கலக்குவார். 16 லிட்டர் டேங்க் முதுகில் ஏறும். வாஷர் தேய்ந்த மூடி வழியே ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் தளும்பி, சட்டையின் பின்பக்கம் நனைந்து முதுகோடு ஒட்டும். முகத்தில் துண்டு, காலில் ஒன்றுமில்லை. நாசில் அடைத்துக்கொண்டால் கழற்றி வாயால் ஊதிவிட்டு மாட்டுபவர்களை இன்றும் பார்க்கலாம். வேலை முடிந்ததும் கை கால் அலம்புவது பக்கத்து வாய்க்காலில்.

கையுறை ஏன் போடவில்லை என்று கேட்டால், பலர் புட்டியைத் திருப்பிக் காட்டுவார்கள். "சிவப்பு இல்லையே சார், மஞ்சள்தானே." நம் நாட்டில் பூச்சிமருந்துப் புட்டிகளில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நான்கு நிறங்களில் முக்கோணம் உண்டு, பாராகுவாட்டுக்கு மஞ்சள். அந்த நிறம் எதைக் கொண்டு முடிவாகிறது? சோதனை விலங்குகளில் பாதியை ஒரே தடவையில் கொல்ல எவ்வளவு வேண்டும் என்பதைக் கொண்டு. கொஞ்சம் கொஞ்சமாக, பருவத்துக்குப் பருவம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும் பொருள் பத்து இருபது ஆண்டுகளில் நரம்புச் செல்லின் மைட்டோகாண்ட்ரியாவை என்ன செய்யும் என்பதற்கு அந்த முக்கோணத்தில் இடமே இல்லை. ஒரே மடக்கில் குடித்தவருக்கான எச்சரிக்கையை, ஆயிரம் டேங்க் சுமந்தவர் தனக்கான உறுதிமொழியாகப் படித்துக்கொண்டிருக்கிறார். வேளாண்துறை இதை ஒரு பயிற்சி முகாமில் ஐந்து நிமிடம் விளக்கினாலே பலருடைய நடத்தை மாறும் என்பது என் நம்பிக்கை.

பாராகுவாட்டை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துவது முறையாகாது. குலைநோய்க்கும் இலையுறைக் கருகலுக்கும் இப்போது நெல்லில் அடிக்கும் புதிய தலைமுறைப் பூசணக்கொல்லிகளில் பல, பூசணத்தின் மைட்டோகாண்ட்ரியாவை முடக்கித்தான் அதைக் கொல்கின்றன. அசாக்ஸிஸ்ட்ரோபின், டிரைபிளாக்ஸிஸ்ட்ரோபின் ஆகியவை சுவாசச் சங்கிலியின் மூன்றாம் கண்ணியையும், தைபிளுசமைடு இரண்டாம் கண்ணியையும் அடைப்பவை. அதே சங்கிலி நம் செல்லிலும் உண்டு. இவற்றால் மனிதருக்கு நரம்பு நோய் வருகிறது என்று நான் சொல்லவில்லை. ஒரு பொருளின் தீங்கு அது உடலுக்குள் போகும் அளவையும் உடல் அதை உடைக்கும் வேகத்தையும் பொறுத்தது. ஆனால் ஒரே தொழிலாளி ஒரே பருவத்தில் இவை எல்லாவற்றையும் மாற்றி மாற்றி அடிக்கும்போது, ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்து வழங்கிய பதிவுச் சான்றிதழ் அவருக்கு எவ்வளவு தூரம் பாதுகாப்பு? ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் நோய்க்குப் பரிந்துரை வழங்குகையில் இந்தக் கேள்வியையும் சேர்த்துப் பார்க்கலாம்.

இனி அந்தக் கேப்சூல். மாதுளையிலும் வால்நட்டிலும் உள்ள எல்லாஜிடானின்களைக் குடல் நுண்ணுயிர்கள் உடைக்கும்போது உண்டாவது யூரோலித்தின் ஏ; அந்தக் கேப்சூலில் இருப்பது இதுதான். அது மைட்டோபேஜியைத் தூண்டி நூற்புழுக்களின் வாழ்நாளைக் கூட்டியதாக 2016இலும், அல்சைமர் மாதிரி எலிகளில் நினைவாற்றலை மேம்படுத்தியதாக 2019இலும் ஆய்வுகள் வந்தன. மனிதர்களில் பார்த்தது பெரும்பாலும் தசையைப் பற்றி. பார்க்கின்சன் நோயை அது நிறுத்தும் என்று காட்டிய மருத்துவச் சோதனை எதுவும் இல்லை. நம் கடுக்காயிலும் எல்லாஜிடானின் உண்டு என்று யாரேனும் அடுத்த காணொளி போடுவார்கள். உண்மைதான், ஆனால் அதை யூரோலித்தினாக மாற்றும் நுண்ணுயிர் எல்லோர் குடலிலும் இல்லை. இதே சுத்திகரிப்பைத் தூண்டுவதாகச் சொல்லப்படும் ஸ்பெர்மிடினை முதியவர்களுக்கு ஓராண்டு கொடுத்துப் பார்த்த ஜெர்மானியச் சோதனை நினைவாற்றலில் முன்னேற்றம் காணவில்லை. அதற்கு முன்பே, மைட்டோகாண்ட்ரியாவுக்கு நல்லது என்று பெரிதும் நம்பப்பட்ட கோ-என்சைம் கியூ10, 600 பார்க்கின்சன் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டுப் பயனில்லை என்று 2014இல் முடிவு வெளியானது. கிரியேட்டினும் அவ்வாறே தோற்றது. பார்க்கின் குத்திய முத்திரையை அழிக்கும் யு.எஸ்.பி.30 என்னும் நொதியைத் தடுக்கும் மருந்துகள், பிங்க்1ஐத் தூண்டும் மருந்துகள் ஆகியவைதான் நேராக இந்த ஏற்பாட்டைக் குறிவைப்பவை. அவை இன்னும் சோதனைப் படிகளில் இருக்கின்றன. மைட்டோபேஜி கூடக் கூட நல்லது என்றும் சொல்ல முடியாது: அளவு மீறினால் நல்ல மைட்டோகாண்ட்ரியாவும் செரிக்கப்பட்டு, செல் ஆற்றலின்றி மடியும். ஆகவே அந்தப் பிள்ளைகளிடம், "இருக்கிற மாத்திரையை வேளை தவறாம குடுங்க, இந்தக் காசுக்கு அப்பாவை நல்லா நடக்க வைக்கிற பிசியோதெரபி பாருங்க" என்றுதான் சொல்கிறேன். பூனைக்காலி விதையைக் கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அதில் லெவோடோபா உண்மையிலேயே உண்டு, அதனால்தான் மருத்துவரிடம் சொல்லாமல் மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது. அதுவும் குறைந்துபோன டோபமைனை ஈடுகட்டுமே தவிர, செல்லின் சுத்திகரிப்பைத் தொடாது.

ஆக, சுத்திகரிப்பைச் சீராக்கும் மருந்து இன்று உங்கள் கையிலும் இல்லை, என் கடையிலும் இல்லை. அதைக் குலைக்கும் என்று வலுவான ஐயத்துக்கு உள்ளான பொருளை நிறுத்தும் அதிகாரம் மட்டும் உங்கள் கையில் இருக்கிறது.

1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம், 27ஆம் பிரிவின்கீழ், ஒரு மருந்தின் விற்பனையைக் குறிப்பிட்ட காலத்துக்குத் தடுக்க மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. தற்கொலைகளைக் குறைப்பதற்காக மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட 6 பூச்சிமருந்துகளுக்கு இந்த அரசே 60 நாள் தடை விதித்தது. பாராகுவாட்டைக் குடித்தவருக்கு மாற்று மருந்து இல்லை என்பதால் அதே காரணம் இதற்கும் பொருந்தும். கேரளம் 2011இலேயே இதைத் தடைசெய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007 முதல் இதற்கு அனுமதியில்லை. நம்மைப் போலவே நெல் விளைவிக்கும் தாய்லாந்து 2020இல் நிறுத்தியது. 60 நாள் தடை நிரந்தரத் தீர்வாகாது என்பது தெரியும். குறுவை நடவுக்கும் சம்பா நடவுக்கும் முந்தைய வாரங்களில் அதை அமல்படுத்தி, அந்தக் காலத்துக்குள் மத்திய அரசுக்கு நிரந்தரத் தடை கோரி எழுத வேண்டும். 2020இல் சட்டம் இயற்றி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்த அரசு, அந்த மண்டலத்தின் தொழிலாளியையும் பாதுகாப்புக்குள் கொண்டுவருவது பொருத்தமாகவே இருக்கும்.

களை எடுக்க ஆள் கிடைக்காத நிலையில் இப்படிக் கேட்பது எளிது என்று விவசாயிகள் சொல்வார்கள். நானும் நிலம் வைத்திருப்பவன் என்பதால் அந்தக் கோபம் எனக்குப் புரியும். வரப்புக்குப் புல்வெட்டும் இயந்திரத்தையும் வயலுக்கு உழவு இயந்திரத்தையும் குறைந்த வாடகைக்கு, நடவு நெருக்கும் அந்தப் பதினைந்து நாளில் தட்டுப்பாடின்றிக் கிடைக்கச் செய்யாமல் தடையை மட்டும் போட்டால், பக்கத்து மாவட்டத்திலிருந்து புட்டி வந்து சேரும்.

நல்வாழ்வுத் துறையிடம் கேட்பதற்குச் செலவு மிகக் குறைவு. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் பணியாளர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். அவர்களின் படிவத்தில் சில கேள்விகளைச் சேர்த்தால் போதும்: மருந்தடிக்கும் வேலை செய்ததுண்டா, எந்த வயது முதல் எந்த வயது வரை, நினைவிருக்கும் மருந்துகளின் பெயர் என்ன, வாசனை தெரிவது குறைந்திருக்கிறதா, நடையோ கையெழுத்தோ சுருங்கியிருக்கிறதா. வாசனை குறைவது கைநடுக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கலாம் என்பதால் அந்தக் கேள்வியை விட்டுவிட வேண்டாம். மருந்தின் பெயரைப் பலர் புட்டியின் நிறத்தாலும் படத்தாலும்தான் நினைவு வைத்திருப்பார்கள். டெல்டாவில் விற்கும் புட்டிகளின் படங்களை ஓர் அட்டையில் அச்சிட்டுப் பணியாளர்களிடம் கொடுத்தால் பதில் சரியாக வரும். அந்த அட்டைக்கான பட்டியலை வேளாண்துறையின் பூச்சிமருந்து ஆய்வாளர்கள் ஒரே வாரத்தில் தந்துவிட முடியும். டெல்டாவின் அரசு மருத்துவக் கல்லூரிகள் நோயாளிகளின் பதிவைத் தொகுத்து, பெயர் நீக்கி, ஆண்டுக்கொரு முறை வெளியிடட்டும். தொடர்பு இல்லை என்று அப்பதிவு காட்டினால் அதையும் அப்படியே வெளியிடுங்கள். அதையும் அச்சிட்டு என் கடை முகப்பில் ஒட்டுவேன்.

இம்மடலுக்கான பதிலை எனக்குத் தனியே அனுப்ப வேண்டியதில்லை. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில், இணை இயக்குநர் வழியாக வாசிக்கச் செய்தால் போதும். அன்று மருந்தடிக்கும் தொழிலாளர்களுக்கும் அரங்கில் இடம் ஒதுக்கச் சொல்லுங்கள். இதுவரை அந்தக் கூட்டத்துக்கு நிலம் உள்ளவர்களைத்தான் அழைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.